தேடற்சக்கர இலக்கணம்

பாயிரம்

தேடல் இருவகைப்படும். தேடிய பொருள் கிடைக்கும்வரை தேடுவது ஒன்று. தேடிய பொருள் மறக்கும்வரை தேடுவது மற்றொன்று. முன்னதற்குத் தேடுபொறியின் கட்டம் ஒன்றே போதும். பின்னதற்குத் தொடர்புடைய தேடல்கள் என்னும் துணை வேண்டும். இணையத்தில் ஒருவர் ஒரு சொல்லை இட்டதும், அதைச் சார்ந்து பிறர் முன்பு தேடியவற்றை எடுத்து வைக்கும் ஏற்பாட்டுக்கு அப்பெயர். அவற்றை வரிசையாக அடுக்காமல் சக்கரமாகவும் வலையாகவும் வரைந்து காட்டும் கருவிகளே இக்கட்டுரையின் பொருள். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்ட மொழியில் தேடலுக்கும் ஒன்று இருப்பதே முறை.

இலக்கணத்துக்குக் களம் வேண்டும். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை இங்கே களமாகக் கொள்ளப்படுகிறது. காரணம் மூன்று. முதலாவது, அவ்வூரின் பெயரே ஒரு தேடற்சிக்கல். இரண்டாவது, தேடலைப் பற்றிய ஆதிக்கதை அம்மலையைப் பற்றியது. மூன்றாவது, 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதை, நடுவே மலையும் சுற்றிலும் எட்டு லிங்கங்களுமாகச் சக்கர வடிவில் முன்னரே அமைந்திருக்கிறது. கருவி செய்தோர் பின்னர் வந்து சேர்ந்தனர்.

1. பெயரியல்

மலையின் வடமேற்குப் புறத்தில் அமைந்த இவ்வூரை அடி அண்ணாமலை என்பாரும் உளர். ஆதி அண்ணாமலை என்பாரும் உளர். மலையடியில் இருப்பதால் அடி என்பது முதற்கட்சி. இங்குள்ள லிங்கம் பிரமன் நிறுவியது, ஆகவே ஆதி என்பது இரண்டாம் கட்சி. இரு கட்சியாரும் ஒரே நிறுத்தத்தில்தான் இறங்குகின்றனர். ஆயினும் தேடுபொறிக்கு அவர்கள் வேறு வேறு ஊருக்குச் செல்பவர்கள்.

ரோமன் எழுத்தில் தட்டுவோரால் சிக்கல் பெருகுகிறது. ஏ, டி, ஐ என்னும் மூன்று எழுத்துகளுள் அடி, ஆதி, ஆடி ஆகிய மூன்றும் அடங்கிவிடும். தமிழ் எழுத்திலேயே இட்டாலும் தெளிவு பிறப்பதில்லை. அடி என்பதற்குப் பாதம், கீழ்ப்பகுதி, செய்யுளின் வரி, 12 அங்குலம், பிரம்பால் பெறுவது என ஐந்து பொருள் உண்டு. அண்ணாமலை என்பது மலை, அம்மலையே வடிவான இறைவன், சிதம்பரத்துப் பல்கலைக்கழகம், 1992-இல் வெளிவந்த ரஜினிகாந்த் படம், ஆடவர் பலரின் பெயர் என ஐவகைப்படும். ஐந்தை ஐந்தால் பெருக்கப் பொருட்சேர்க்கை 25 ஆகிறது. அவற்றுள் ஊரைக் குறிப்பது ஒன்று. எஞ்சிய 24-ஐயும் விலக்குவதே தேடற்கருவியின் முதற்பணி.

சொற்களை முன்பின்னாக மாற்றுவதால் வரும் கேடு தனியே கருதத்தக்கது. ‘அண்ணாமலை அடி’ என்று தேடுவோர்க்கு, மலையின் உயரம் 2,668 அடி என்னும் விடை வர இடமுண்டு. அடியைத் தேடியவர்க்கு முடி கிடைக்கும் இந்நிலை, அடுத்த இயலில் விளக்கப்படும் நிகழ்வின் மறுதலை.

2. தோற்றவியல்

நெருப்புத் தூணாய் நின்ற சிவனின் அடியைத் திருமாலும் முடியைப் பிரமனும் தேடிய கதை இம்மலைக்கு உரியது. திருமால் பன்றியாய் நிலத்தை அகழ்ந்தார். இது ஆழத் தேடல். பிரமன் அன்னமாய் வானில் பறந்தார்; இது உயரத் தேடல். இரண்டும் பயன் தரவில்லை. இருவரும் உழைப்பில் குறைந்தவர் அல்லர். இருவர்க்கும் பொதுவான குறை நேர்கோடு. ஒருவர் கீழே சென்றுகொண்டே இருந்தார். மற்றவர் மேலே சென்றுகொண்டே இருந்தார். பக்கவாட்டில் ஒரு முழமேனும் நகர இருவர்க்கும் தோன்றவில்லை. தேடுபொறியின் முடிவுகளை முதற்பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று இறங்கிக்கொண்டே செல்வோர் வராக மரபினர். முதல் முடிவே முடிந்த முடிபு என்று கொள்வோர் அன்ன மரபினர்.

பிரமனுக்குத் தாழம்பூ பொய்ச்சான்று உரைத்தது. இல்லாத விடையை இருப்பதாகக் காட்டிய குற்றத்துக்காக அது சிவபூசையினின்று நீக்கப்பட்டது. பொய்ப் பக்கங்களைத் தேடுபொறிகள் தம் அட்டவணையினின்று நீக்கும் வழக்கத்துக்கு இதனினும் பழைய முன்னுதாரணம் காண்பது அரிது.

மூன்றாம் முறை ஒன்று உண்டு. அது தோண்டுவதும் இல்லை, பறப்பதும் இல்லை. நடுப்பொருளைத் தொடாமல், அதை விட்டு அகலாமல், வலக்கைப் புறத்தில் வைத்துக்கொண்டு சுற்றுவது. மலை ஒன்றே, ஆயினும் கிழக்கே பெருங்கோயில் வாசலில் தோன்றும் மலை வேறு, அடி அண்ணாமலையில் தோன்றும் மலை வேறு. நடப்பவர் மலையை அறிவதில்லை. மலையின் பக்கங்களை அறிகிறார். தேடற்சக்கரம் இம்முறையைச் சார்ந்தது. உயரத் தேடலில் தோற்ற பிரமனே அடி அண்ணாமலையில் லிங்கம் நிறுவினார் என்னும் வழக்கு, திருத்திய தேடலுக்குச் சான்றாக இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

3. உறுப்பியல்

வண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை என உறுப்பு மூன்று. நடுவில் இருப்பது குடம். குடத்தில் செருகி வெளியே நீள்வது ஆரக்கால். ஆரக்கால்களின் நுனிகளை இணைத்து வளைவது வட்டை. தேடற்சக்கரத்தில் தேடிய சொல் குடம். தொடர்புடைய தேடல்கள் ஆரக்கால். வட்டை பற்றிய ஆய்வு இவ்வியலின் இறுதியில் வரும்.

வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்துக்கு மனம் தாவிச் செல்லும் தடத்தையே சேமித்து வைக்கும் மேசை ஒன்றை 1945-இல் அமெரிக்கர் வன்னேவர் புஷ் கற்பனை செய்து, மெமெக்ஸ் என்று பெயரிட்டார். மேசை செய்யப்படவில்லை, தடம் என்னும் கருத்து நிலைத்தது. 2001-இல் பிரான்சில் தோன்றிய கார்ட்டூ, தேடல் முடிவுகளை நிலப்படம் போல் பரப்பிக் காட்டியது, 2010-இல் மூடப்பட்டது. 2004 டிசம்பரில் கூகுளின் பொறியாளர் கெவின் கிப்ஸ், தட்டும்போதே சொல்லை நிறைவுசெய்யும் பரிந்துரையைச் சோதனைக்கு விட்டார். 2008-இல் அது முதற்பக்கத்துக்கே வந்தது. எனினும் அது பட்டியல், சக்கரம் அன்று.

முழுமையான சக்கரம் 2009 மே மாதத்தில் பிறந்தது. கூகுள் வெளியிட்ட அதற்கு வொண்டர் வீல் என்று பெயர். அதிசயச் சக்கரம் எனலாம். தேடிய சொல் நடுவில் நிற்கும். சுற்றிலும் ஆரக்கால்கள் விரியும். ஆரக்கால் ஒன்றின் நுனியைத் தொட்டால் அந்நுனியே புதுக் குடமாகித் தன் ஆரக்கால்களை விரிக்கும். பழைய குடம் ஒரு கோட்டால் பிணைக்கப்பட்டு ஓரமாய் ஒதுங்கி நிற்கும். எந்தக் கேள்வியிலிருந்து எந்தக் கேள்விக்கு வந்தோம் என்பது கண்முன் இருக்கும். 2011-இல் அது நீக்கப்பட்டது. அதன் ஆயுள் ஆண்டுக் கணக்கில் சற்றேறக்குறைய இரண்டு. பௌர்ணமிக் கணக்கில் 26 அல்லது 27. இன்று தொடர்புடைய தேடல்கள், பெரும்பாலும் எட்டாக, முடிவுப் பக்கத்தின் அடியில் வைக்கப்படுகின்றன. அவை அடியில் இருப்பதும் எட்டாக இருப்பதும் இக்களத்துக்குப் பொருந்தி வருகின்றன.

இனி வட்டை. கருவிகள் குடத்தையும் ஆரக்காலையும் வரைகின்றன. ஓர் ஆரக்காலின் நுனியை அடுத்த ஆரக்காலின் நுனியோடு இணைப்பதில்லை. ‘பௌர்ணமி கிரிவலம் நேரம்’ ஒரு நுனியில் இருக்கும். ‘கடைசிப் பேருந்து’ மற்றொரு நுனியில் இருக்கும். நடப்பவர்க்கு இவ்விரண்டும் ஒரே கவலை. கருவிக்கோ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மலையுச்சிக்கு ஏறி இறங்க வேண்டும். கிரிவலத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே வட்டை உண்டு, தார்ச்சாலையாகவே உண்டு. ஒவ்வொரு லிங்கத்திலிருந்தும் உச்சிக்குச் செல்லும் ஆரக்கால் இல்லை. ஆகவே, கருவியில் இல்லாதது பாதையில் உண்டு. பாதையில் இல்லாதது கருவியில் உண்டு. இரண்டையும் பொருத்தினாலன்றிச் சக்கரம் உருளாது. இக்கட்டுரை நிறுவ முற்படும் துணிபு இதுவே.

4. வடிவியல்

வட்டமாய் வரைந்தவை எல்லாம் சக்கரம் ஆகா. வடிவ வேறுபாட்டை அறியக் கோலமே தக்க அளவுகோல். புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது புள்ளிக் கோலம். புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து செல்வது சிக்குக் கோலம். இரண்டும் ஒரே வாசலில் ஒரே மாவால் ஒரே கையால் இடப்படலாம்; ஆயினும் நோக்கம் வேறு.

சொற்களைக் கோடு இழுத்து இணைக்கும் கருவிகள் புள்ளிக் கோலம் சார்ந்தவை. அதிசயச் சக்கரம் இவ்வகை. ஒத்த சொற்களை ஒரு வளையத்துக்குள் அடக்கும் கருவிகள் சிக்குக் கோலம் சார்ந்தவை. வட்டத்துக்குள் வட்டம் வைத்த க்ரோக்கரும், முடிவுகளைத் தலைப்புவாரியாகக் கட்டம் பிரிக்கும் போலந்து நாட்டுக் கேரட்2-உம் இவ்வகை. புள்ளிக் கோலம் ‘இதிலிருந்து அதற்குப் போ’ என்கிறது. சிக்குக் கோலம் ‘இவையெல்லாம் ஒரு குடும்பம்’ என்கிறது. அவசரத்தில் இருப்பவர்க்கு முன்னது. ஆராய்ச்சியில் இருப்பவர்க்குப் பின்னது.

பிரிட்டனில் தோன்றி 2022-இல் நீல் படேலின் நிறுவனத்துக்குக் கைமாறிய ஆன்சர் தி பப்ளிக் தனித்து நோக்கத்தக்கது. அது வினாச்சொல்லையே ஆரக்காலாகக் கொள்வது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என ஒவ்வொரு சொல்லிலிருந்தும் மக்கள் தேடிய முழுக்கேள்விகள் கதிர்போல் விரியும். அதன் முகப்பில் நெடுங்காலம் வழுக்கைத் தலையும் தாடியும் கொண்ட பெரியவர் ஒருவர், கேள்வியை விரைந்து இடுமாறு பொறுமையின்றிக் காத்திருந்தார். வழுக்கைத் தலையும் தாடியும் கிரிவலப் பாதையிலும் காணப்படுவனவே. பொறுமையின்மை மட்டும் இவ்விடத்து மரபோடு ஒவ்வாதது.

5. வினாவியல்

பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். தேடுகட்டத்தில் இடப்படும் கேள்விகள் இவ்வாறினுள் அடங்கும். விடை தெரிந்தும் தேடுவது அறிவினா. தம் கடையின் பெயர் முதலில் வருகிறதா என்று கடைக்காரர் பார்ப்பது போல்வது. ‘கிரிவலம் எத்தனை கிலோமீட்டர்’ என்பது அறியா வினா. ‘பௌர்ணமி இன்றா நாளையா’ என்பது ஐய வினா. திதி ஒரு நாளில் தொடங்கி மறுநாள் முடிவதால் இவ்வையம் ஆண்டில் பல முறை எழும். ‘அறை வாடகை’ என்பது கொளல் வினா. ‘அன்னதானம் செய்ய’ என்பது கொடை வினா. ‘வழி காட்டு’ என்பது ஏவல் வினா.

விடை எட்டனுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையானவை. நிலப்படத்தைக் காட்டுவது சுட்டு. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்பது மறை. ‘14 கிலோமீட்டர்’ என்பது நேர். எஞ்சிய ஐந்தும் குறிப்பால் விடையாவன: ஏவல், வினாவுக்கு வினாவையே எதிர்வைத்தல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ‘மக்கள் இவற்றையும் கேட்கின்றனர்’ என்று தேடுபொறி காட்டும் பகுதி, வினாவுக்கு வினா எதிர்வைத்தலே. தொடர்புடைய தேடல்களோ இனமொழியின்பாற்படும். ஆடுவாயா என்று கேட்டவர்க்குப் பாடுவேன் என்பது இனமொழி விடை. ‘கிரிவலம்’ என்று கேட்டவர்க்கு ‘கிரிவலப் பாதை உணவகம்’ என்பதும் அதுவே. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முந்திய நூல் இவ்வேற்பாட்டுக்குப் பெயரிட்டு வைத்திருக்கிறது.

6. திசையியல்

ஆரக்கால்களை எட்டாக வகுத்து எண்திசைக் காவலர்க்கு உரிமையாக்குவது இடத்துக்கும் எண்ணுக்கும் ஒத்தது.

கிழக்கே இந்திர ஆரக்கால். நேரம், நாள், விழா பற்றிய தேடல்கள் இதற்கு உரியன. வந்தவர் முதலில் கேட்பது இதுவாதலின் முதலில் வைக்கப்பட்டது. தென்கிழக்கே அக்னி ஆரக்கால். கார்த்திகைத் தீபம், கொப்பரை, நெய், தீபம் தெரியும் இடம் ஆகியன இதில் அடங்கும். தெற்கே யம ஆரக்கால். ‘செய்யக் கூடாதவை’, ‘செருப்பு அணியலாமா’, ‘பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்’ என அச்சத்திற் பிறந்தவை அனைத்தும் இங்கே சேரும். தென்மேற்கே நிருதி ஆரக்கால். எழுத்துப் பிழையால் விளைந்தவை இதன் ஆட்சியில் உள்ளன. மேற்கே வருண ஆரக்கால். மழை, குளம், குடிநீர், கழிப்பறை ஆகிய நீர் சார்ந்தவை இதற்கு உரியன. வடமேற்கே வாயு ஆரக்கால். பேருந்தும் ரயிலும் விரைவும் இதன் பொருள். வடக்கே குபேர ஆரக்கால். அறை வாடகை, மனை விலை, நன்கொடை ஆகியன. வடகிழக்கே ஈசான ஆரக்கால்; தலவரலாறும் ரமண மகரிஷியும் சித்தர்களும் ‘நான் யார்’ என்பதும் இதன்கண் வரும்.

ரமணர் தொடர்பான ஈசான ஆரக்கால் பற்றி ஒரு குறிப்பு. 1896-இல் இம்மலைக்கு வந்து 1950-இல் மறையும்வரை இதை விட்டு அகலாத அவர், தேடுவோரைத் தேடுபவன் யார் என்று தேடுமாறு பணித்தார். சக்கரத்தின் மொழியில், ஆரக்காலைக் குடத்துக்குள்ளேயே திருப்பிச் செருகும் செயல் இது. இதை வரைந்து காட்டும் கருவி இன்னும் வரவில்லை.

ஆரக்கால்களின் நீளம் காலந்தோறும் மாறும். 2006-இல் வந்த கூகுள் ட்ரெண்ட்ஸ் இம்மாற்றத்தை 0 முதல் 100 வரை அளந்து காட்டும். தொடர்புடைய தேடல் ஒன்று 5,000 விழுக்காட்டுக்கு மேல் பெருகினால் எண்ணைக் கைவிட்டுச் சொல்லால் குறிக்கும். கார்த்திகையில் அக்னி ஆரக்கால் நீளும். 2024 மே மாதத்தில் சென்னைக் கடற்கரை வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டபோது வாயு ஆரக்காலுக்கு ஒரு கிளை முளைத்தது. ஆரக்கால்கள் சமநீளம் அல்லாத சக்கரம் தரையில் உருளாது என்னும் தடை எழலாம். தேடற்சக்கரம் உருள்வது தரையில் அன்று. ஆதலின் அத்தடை பொருந்தாது.

7. குற்றவியல்

நூலுக்குக் குற்றம் பத்து என்பர். அவற்றுள் மூன்று தேடற்சக்கரத்தை மிகுதியும் பற்றுவன.

முதலாவது, கூறியது கூறல். அடி அண்ணாமலை, ஆதி அண்ணாமலை, அடியண்ணாமலை என ஒரே ஊரை மூன்று ஆரக்காலில் காட்டுவது. எட்டு இடத்தில் மூன்றை ஒன்றே கொள்வதால் மற்றவற்றுக்கு ஐந்தே எஞ்சும். இரண்டாவது, மற்றொன்று விரித்தல். ஊரைத் தேடியவரைத் திரைப்படத்துக்கும், திரைப்படத்திலிருந்து பாட்டுக்கும் இட்டுச் செல்வது. மூன்றாவது, சென்று தேய்ந்திறுதல். முதற்சக்கரத்தில் எட்டு ஆரக்கால், அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் ஒன்று என மெலிந்து முடிவது.

இவற்றுக்கு அடிப்படைக் காரணம் ஒன்றே. ஆரக்கால்கள் உலகில் உள்ளவற்றைக் காட்டுவதில்லை. பிறர் கேட்டவற்றைக் காட்டுகின்றன. ஒருவரும் தேடாதது எவ்வளவு அருகில் இருப்பினும் சக்கரத்தில் தோன்றாது. முன் சென்றவரின் காலடி பட்ட இடமே பாதை. பலர் நடந்ததால் தேய்ந்து தெளிந்த வழியைப் பின்வருவோர் அறிவின் வழி என்று கொள்வது இயல்பு. அது கால்களின் வழி மட்டுமே.

ஒழிபு

மேற்கூறியவற்றுக்குக் களச்சான்று ஒன்று. ஒரு பௌர்ணமி இரவு, அடி அண்ணாமலைக் கோயிலுக்கு அருகே தேநீர்க் கடை பெஞ்சில் மூதாட்டி ஒருவரும் அவர் பேரனும் அமர்ந்திருந்தனர். மூதாட்டி காலை நீட்டி, உள்ளங்காலில் ஒட்டியிருந்த சிறுகல்லைத் தட்டிவிட்டார். பேரன் கைப்பேசியில் ‘கிரிவலம் செருப்பு’ என்று இட்டிருந்தான். திரையின் அடியில் எட்டுத் தேடல்கள் இருந்தன. ஆறு யம ஆரக்காலைச் சேர்ந்தவை, ஒன்று குபேர ஆரக்காலைச் சேர்ந்த காலணி விலை, ஒன்று நிருதியினுடையது.

“ஏம்பா, நம்ம செருப்ப எங்க வுட்டோம்னு அதுல வருதா பாரு.”

“அதெல்லாம் இதுல வராது ஆயா. போடலாமா கூடாதான்னுதான் வருது.”

“போட்டுக்கினா வந்தோம்? கெழக்கு கோபுரத்தாண்ட வுட்டோம். சுத்திக்கினு போனா அங்கதான இருக்கப் போவுது.”

தேநீர்க் குவளையை வைத்துவிட்டு இருவரும் எழுந்து வாயு லிங்கத்தை நோக்கி நடந்தனர். பேரன் கைப்பேசியைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். அவர்களுக்கு முன்னால் இருந்தது வட்டை மட்டுமே. வாயு, குபேரன், ஈசானன் என்று எண்ணினால் கிழக்குக் கோபுரம்.

மூதாட்டியின் விடையை வகைப்படுத்துவது எளிது. அது சுட்டு அன்று, இடம் கண்முன் இல்லாமையால். மறையும் நேரும் அன்று. இனமொழியும் அன்று, கேட்டதையே கூறியமையால். இனி நிகழப்போவதைச் சொன்னமையால் அது உறுவது கூறல். எட்டு விடையுள் தேடற்சக்கரங்கள் இன்னும் கைக்கொள்ளாதது அது ஒன்றே.